மேலவைக்கு ஓட்டுப் போட்டவர்கள்

தமிழ்நாட்டில் மேலவை (1986 வரை சட்டமன்றத்துக்கு இருந்த இரண்டாவது அவை) என்று பேச்செடுத்தாலே எதிரில் இருப்பவர் சொல்லப்போகும் வாக்கியம் எனக்கு மனப்பாடம். "அதான் ஒரு நடிகைக்குப் பதவி கிடைக்கலைன்னு எம்.ஜி.ஆர். கலைச்சுட்டாரே!" அந்தக் காலத்தைப் பார்த்தவரும் இதையேதான் சொல்கிறார், 1986க்குப் பிறகு பிறந்தவரும் இதையேதான் சொல்கிறார். அதற்கு மேல் யாருக்கும் கேட்க எதுவும் இருப்பதில்லை. பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. அந்த நடிகைக்கும் இது நியாயமில்லை, அந்த அவைக்கும் நியாயமில்லை. ராஜாஜியும் அண்ணாவும் முதல்வர்களாக இருந்தபோது உறுப்பினர்களாக இருந்த அவை அது. நகராட்சி உறுப்பினர்களும் பள்ளி ஆசிரியர்களும் தங்களுக்கென்று தனியாக ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய அவை. அது போனதில் யாருக்கு என்ன போயிற்று என்று ஒருமுறையாவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். நாம் பேசவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகவே.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் அப்பா. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், பட்டதாரி. சட்டமன்றத் தேர்தலில் எல்லோரையும் போல ஒரு ஓட்டு, அது போக மேலவைக்குப் பட்டதாரி தொகுதியில் ஒரு ஓட்டு, ஆசிரியர் தொகுதியில் ஒரு ஓட்டு. மூன்றும் அவருக்கு உண்டு. மேல்சபைத் தேர்தலில் முத்திரை குத்த வேண்டியதில்லை, வேட்பாளர் பெயருக்கு எதிரே 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும் என்று அவர் விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது. வேட்பாளர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார்களாம். சம்பள விகிதம், ஓய்வூதியம், தனியார் பள்ளி நிர்வாகங்களின் கெடுபிடி என்று கேள்விகள் பறக்குமாம். எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் இதையெல்லாம் கேட்க முடியாது, அவருக்கு லட்சம் ஓட்டு, லட்சம் கவலை. மேலவைக்கு நிற்கும் எம்.எல்.சி. வேட்பாளர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவருடைய வாக்காளர்கள் முழுக்க அந்த மாதிரி அறைகளில்தான் இருந்தார்கள்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். இங்கே ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். "1861லிருந்து இருந்த மேலவை" என்று பலரும் எழுதுகிறார்கள். 1861இல் இந்தியக் கவுன்சில்கள் சட்டப்படி சென்னையில் வந்தது சட்ட மன்றம் என்று சொல்லத்தக்க ஒன்றல்ல. கவர்னருக்கு ஆலோசனை சொல்ல ஒரு சின்னக் குழு, அவ்வளவுதான். 1892, 1909 சட்டங்களில் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது. 1919 சட்டத்துக்குப் பிறகு, 1920 தேர்தல் முடிந்து 1921 ஜனவரியில் கூடியபோதுதான் அது மக்கள் பிரதிநிதிகள் பெரும்பான்மையாக இருந்த அவையானது. அப்போது மாகாணத்துக்கு அது ஒன்றே அவை. மேலும் கிடையாது, கீழும் கிடையாது. நீதிக்கட்சியின் சுப்பராயலு ரெட்டியாரும் அவருக்குப் பின் பனகல் அரசரும் முதலமைச்சர்களாக இருந்தது அந்த அவையில்தான்.

அந்த அவை செய்தவற்றைக் கடந்து போக மனமில்லை. 1921இல் பெண்களுக்கு ஓட்டுரிமை தரும் தீர்மானத்தை இந்திய மாகாணங்களிலேயே முதலில் நிறைவேற்றியது சென்னைதான். சொத்து இருப்பவர்களுக்கு மட்டுமே ஓட்டு என்ற காலம், அதனால் மிகச் சில பெண்களுக்கே அது கிடைத்தது, ஆனாலும் கதவு திறந்தது. எம்.சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் நியமன உறுப்பினர்களாக உள்ளே வந்தார்கள். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எதுவும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தடுக்கப்படக் கூடாது என்று 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1926இல் நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவையின் துணைத் தலைவரானார், தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார், 1930இல் காந்தி கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்தார்.

இந்த மூன்று பேரும் நியமனத்தின் வழியாக வந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். அன்றைய வாக்காளர் பட்டியலில், அன்றைய சமூகத்தில், தேர்தலில் நின்று அவர்கள் உள்ளே வந்திருக்க முடியாது. நியமனம் என்றாலே கொல்லைப்புற வழி என்று பேசுகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்த மூன்று பெயர்களைச் சொல்வேன். அதே நியமனம் பிறகு எப்படி ஆனது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

1935 சட்டத்தின்படி 1937இல்தான் இரண்டு அவைகள் வந்தன. கீழே 215 பேர் கொண்ட பேரவை, மேலே ஐம்பத்துச் சொச்சம் பேர் கொண்ட மேலவை. நாம் இன்று மேலவை என்று சொல்வது அந்த 1937இல் பிறந்ததைத்தான். அது நிரந்தர அவை. பேரவை கலையும், மேலவை கலையாது, மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் மட்டும் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஓய்வு பெறுவார்கள், அந்த இடங்களுக்குத் தேர்தல் நடக்கும். சுதந்திரத்துக்குப் பின் அரசியல் சட்டம் எழுதியபோது எந்தெந்த மாகாணத்துக்கு மேலவை வேண்டும் என்பதை அரசியல் நிர்ணய சபையில் இருந்த அந்தந்த மாகாணத்து உறுப்பினர்களே முடிவு செய்தார்கள். சென்னை மாகாணத்தவர் வேண்டும் என்றார்கள். 72 பேரோடு தொடங்கியது, ஆந்திரா பிரிந்ததும் 51 ஆயிற்று, 1957 சட்டத்துக்குப் பிறகு 63 ஆகி, கடைசி வரை அந்த எண்ணிக்கையே நீடித்தது.

அந்த இடங்கள் எப்படிப் பங்கிடப்பட்டன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுப்பார்கள். இன்னொரு மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி அமைப்புகளின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு பட்டதாரிகளுக்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத கல்வி நிலையங்களின் ஆசிரியர்களுக்கு. மீதி ஆறில் ஒரு பங்கு கவர்னர் நியமனம்: இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்கள். 63இல் உள்ளாட்சிக்கு மட்டும் 21 இடம்! கோட்டைக்குள் உள்ளாட்சிக்கென்று ஒதுக்கப்பட்ட 21 நாற்காலிகள். இதை நினைத்துப் பார்க்கிறவர்கள் இன்று எத்தனை பேர்?

அதிகாரம் என்று பார்த்தால் மேலவைக்குப் பெரிதாக எதுவும் கிடையாது. நிதி மசோதாவை 14 நாள் வைத்திருக்கலாம், அவ்வளவுதான். மற்ற மசோதாக்களை மூன்று மாதம் நிறுத்தலாம், பேரவை அதை மறுபடியும் நிறைவேற்றி அனுப்பினால் இன்னும் ஒரு மாதம். ஆக மொத்தம் நான்கு மாதத் தாமதம். நாடாளுமன்றத்தில் இருப்பது போன்ற கூட்டுக் கூட்டமும் மாநிலங்களில் இல்லை. பேரவை பிடிவாதமாக இருந்தால் பேரவை சொன்னதுதான் சட்டம். "அப்புறம் எதற்கு அது?" என்று கேட்பவர்களின் வாதம் இங்கேதான் பலமாக நிற்கிறது. ஆனால் ஒரு சட்டம் ஒரே நாளில் அறிமுகமாகி அதே நாளில் நிறைவேறுவதைப் பார்த்தவர்களுக்கு நான்கு மாதம் என்பது சின்ன விஷயமாகத் தெரியாது. அந்த நான்கு மாதத்தில் பத்திரிகைகள் எழுதலாம், சங்கங்கள் மனுக் கொடுக்கலாம், அரசே மனம் மாறலாம்.

மேலவையின் மேல் விழுந்த முதல் பெரிய கறை 1952. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் சென்னையில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை இல்லை, 375 இடங்களில் 152 மட்டுமே. கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து ஆந்திரத் தலைவர் டி. பிரகாசம் தலைமையில் ஆட்சி கேட்டார்கள். காங்கிரஸ் ராஜாஜியை அழைத்து வந்தது. அவர் தேர்தலிலேயே நிற்கவில்லை. கவர்னர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்கவும் அழைத்தார். ஏப்ரல் 10 அன்று பதவியேற்பு. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், மனு தள்ளுபடியானது. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் இலக்கியவாதிக்கும் விஞ்ஞானிக்கும் சமூக சேவகருக்கும் என்று ஒதுக்கிய கதவு வழியாக, மக்களிடம் ஒரு ஓட்டும் கேட்காத ஒருவர் முதலமைச்சராக நுழைந்தார். ராஜாஜியின் அறிவையோ நேர்மையையோ நான் சந்தேகிக்கவில்லை. அந்த வழி தவறு, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே அவருடைய புதிய கல்வித் திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு மாநிலமே கொதித்தபோது, மக்களின் ஆதரவைப் பெற்று வந்தவன் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் எதுவும் இருக்கவில்லை.

1954 ஏப்ரலில் அவருக்குப் பின் வந்த காமராஜரும் அப்போது எம்.எல்.ஏ. இல்லை, நாடாளுமன்ற உறுப்பினர். மேலவை அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து வந்தார். இரண்டே ஆண்டு இடைவெளியில் இரண்டு பேர் இரண்டு வழியில் போனார்கள். மேலவையைப் பற்றி எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அண்ணாவின் கதை வேறு. 1967இல் அவர் தென்சென்னையில் நின்று மக்களவைக்கு ஜெயித்தவர். கட்சி எதிர்பாராத அளவுக்கு மாநிலத்தில் வென்றது, அவர் முதல்வரானார், எம்.பி. பதவியை விட்டுவிட்டு மேலவை உறுப்பினரானார். 1969 பிப்ரவரி 3 அன்று மறையும்வரை அப்படியேதான். தமிழ்நாடு என்ற பெயரை இந்த மாநிலத்துக்குக் கேட்டு வாங்கித் தந்த முதலமைச்சர் கடைசி வரை மேலவை உறுப்பினர் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அவர் மக்களிடம் நின்று, ஜெயித்து, அந்தக் கையோடு வந்தவர். 1952ஐயும் 1967ஐயும் ஒன்று என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மற்ற உறுப்பினர்களையும் கொஞ்சம் பாருங்கள். நாமக்கல் கவிஞர் இருந்தார். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் இருந்தார், நாடகமேடையிலிருந்தும் திரையிலிருந்தும் வந்த ஒரு பெண் சட்டமன்றத்துக்குள் காலெடுத்து வைப்பது அந்நாளில் சாதாரணமல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 27 ஆண்டுகள் இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் இருந்தார். எம்.ஜி.ஆரே 1962 முதல் 1964 வரை எம்.எல்.சி.யாக இருந்தவர்தான்! தான் ஒரு காலத்தில் உட்கார்ந்த அவையைத்தான் அவர் பிறகு மூடினார்.

எல்லோரையும்விட எனக்கு மனதில் நிற்பவர் ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அச்சகத்தில் எழுத்துக் கோர்த்தவர். சிறை போனவர். சிலப்பதிகாரத்தை ஊர் ஊராக மேடையேற்றியவர். மொழிவழி மாநிலம் பிரிந்தபோது திருத்தணியையும் சென்னையையும் விட்டுவிடக் கூடாது என்று போராடியவர். பட்டம் பெற்றவர்களுக்குத் தனித் தொகுதி வைத்திருந்த ஓர் அவைக்கு, பட்டமே இல்லாத அவர் 1978இலிருந்து தலைவராக இருந்தார். பேரவைத் தேர்தல் அரசியலில் அவருடைய தமிழரசுக் கழகம் பெரிதாக வளரவில்லை. அவரைப் போன்ற ஒருவருக்கு இந்த மாநிலத்தின் சட்டமன்றத்தில் ஓர் இடம் இருந்தது என்றால் அது மேலவை இருந்ததால்தான். அவர்தான் கடைசித் தலைவர். துணைத் தலைவர் கவிஞர் புலமைப்பித்தன்.

இப்போது நான் முக்கியம் என்று நினைப்பதற்கு வருகிறேன். மேலவையின் முடிவு 1986இல் தொடங்கவில்லை. 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 1986இல். நடுவில் பதினாறு ஆண்டுகள், இரண்டு கட்சிகளின் ஆட்சி, குடியரசுத் தலைவர் ஆட்சி எல்லாம் வந்து போயின, உள்ளாட்சித் தேர்தல் மட்டும் வரவில்லை. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டு, 1996 வரை அதிகாரிகள் கையிலேயே இருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! தலைநகரத்துக்கு ஒரு கவுன்சிலர்கூட இல்லாத காலத்தில் அந்தத் தலைநகரத்தின் உள்ளாட்சி சார்பில் மேலவைக்கு யார் ஓட்டுப் போடுவது? மூன்றில் ஒரு பங்கு இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அமைப்புகளையே முடக்கிவிட்டால் அந்த அவை நொண்டிதான் அடிக்கும். மிச்சம் இருப்பது எம்.எல்.ஏ.க்கள் அனுப்புகிறவர்களும் அரசு நியமிக்கிறவர்களும். ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்களின் அவை என்ற பெயர் அதற்கு வந்ததில் ஆச்சரியமில்லை. அப்படி ஆக்கியது யார் என்பதைக் கேட்காமல், அப்படி ஆகிவிட்டதே என்று அதைக் கலைத்தது எனக்குப் பொறுக்கவில்லை.

1986 பிப்ரவரியில் ஒருவழியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பெரும்பாலான நகராட்சிகளை எதிர்க்கட்சியான திமுக பிடித்தது. அதாவது மேலவையின் உள்ளாட்சி இடங்களுக்குப் புதிதாக வாக்காளர்கள் கிடைத்தார்கள், அவர்களில் பெரும்பகுதி எதிர்க்கட்சி. கருணாநிதி அப்போது மேலவையில்தான் இருந்தார். இலங்கைத் தமிழர் பிரச்சினைக்காக 1983இல் எம்.எல்.ஏ. பதவியை விட்டவர், 1984இல் எம்.எல்.சி. ஆனவர். இந்தப் பின்னணியைச் சொல்லாமல் அடுத்து நடந்ததைச் சொல்வது பாதிக் கதை.

ஏப்ரலில் வெண்ணிற ஆடை நிர்மலாவை மேலவைக்கு நியமித்தார்கள். கடன் தொல்லையில் அவர் நொடித்துப் போனவராக நீதிமன்றத்தால் அறிவிக்கப்பட்டிருந்தார், அந்த அறிவிப்பு நீங்காத ஒருவர் உறுப்பினராக முடியாது என்று சட்டம் சொல்கிறது. ஒரு வழக்கறிஞர் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். கடனை அடைக்க எம்.ஜி.ஆர். 4 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் கொடுத்து உதவினார், அறிவிப்பும் ரத்தானது. ஆனாலும் அந்த நடிகை நியமனம் வேண்டாம் என்று விலகிக்கொண்டார். தகுதியைச் சரிபார்க்காமல் எப்படிப் பெயரை அனுப்பினீர்கள் என்று கவர்னர் குரானா அரசிடம் விளக்கம் கேட்டார். மே 14 அன்று மேலவையை ஒழிக்கும் தீர்மானம் பேரவையில் 136 வாக்குகளோடு நிறைவேறியது.

யோசித்துப் பாருங்கள். சரிபார்க்காதது அரசு. விலகிப்போனவர் அந்தப் பெண். நாற்பது ஆண்டுகளாகப் பழி சுமப்பதும் அந்தப் பெண். அவரால் ஓர் அவை போயிற்று என்று சொல்வதை இனியாவது நாம் நிறுத்த வேண்டும். உள்ளாட்சித் தேர்தல் முடிவு, கருணாநிதி அங்கே இருந்தது, கவர்னர் கேள்வி கேட்டது, எல்லாம் சேர்ந்த ஒரு கோடையில் எடுத்த முடிவு அது. முந்தைய ஆண்டுதான் பக்கத்து ஆந்திராவில் என்.டி. ராமராவ் மேலவையை ஒழித்துக் காட்டியிருந்தார், அந்த வழியும் கண் முன்னே இருந்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. அரசியல் சட்டத்தின் 169ஆவது பிரிவின்படி மேலவையை ஒழிக்க மேலவையின் சம்மதம் தேவையில்லை. பேரவையில் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் இருந்தால் தீர்மானம் நிறைவேறும். பிறகு நாடாளுமன்றம் சாதாரணச் சட்டம் ஒன்றை இயற்றினால் முடிந்தது. ஓர் அவை இருக்க வேண்டுமா வேண்டாமா என்பதில் அந்த அவைக்கே சொல்ல உரிமையில்லை. ஆகஸ்ட் 30 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல், 1986 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் மேலவை இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் அதே நவம்பர் 1 அன்றுதான் மொழிவழி மாநிலமாக இது உருவானது. அந்த மாநிலத்தின் எல்லைக்காகப் போராடிய ம.பொ.சி. அன்றோடு அவைத் தலைவர் இல்லை.

அதன்பின் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் ஒரே காட்சிதான் திரும்பத் திரும்ப வருகிறது. 1989இல் திமுக ஆட்சிக்கு வந்தது, மேலவை வேண்டும் என்று தீர்மானம். 1990இல் மாநிலங்களவை வரை மசோதா நிறைவேறி, மக்களவையில் நின்றுபோனது. 1991இல் அதிமுக வந்தது, வேண்டாம் என்று தீர்மானம். 1996இல் திமுக, வேண்டும். 2001இல் அதிமுக, வேண்டாம். 2010இல்தான் கிட்டத்தட்ட முடிந்தது: ஏப்ரலில் பேரவைத் தீர்மானம், மே மாதம் நாடாளுமன்றத்தில் தமிழ்நாடு மேலவைச் சட்டம், 78 உறுப்பினர்கள். பட்டதாரி, ஆசிரியர் தொகுதிகளுக்கு வாக்காளர் பட்டியல் வேலைகூடத் தொடங்கியது. அதற்குள் 2011 மே வந்தது, ஆட்சி மாறியது, ஜூன் மாதம் வேண்டாம் என்று மறுபடியும் தீர்மானம். 2012இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. 2021 தேர்தல் அறிக்கையில் திமுக மீண்டும் மேலவை என்று வாக்குறுதி தந்தது.

இந்தத் தீர்மானங்களில் எந்த ஒன்றின்போதாவது, உள்ளாட்சிக்கு 21 இடமா 26 இடமா, ஆசிரியர் தொகுதி இன்றைக்கும் பொருந்துமா, செவிலியருக்கும் விவசாயக் கூலிகளுக்கும் நெசவாளருக்கும் ஏன் தனித் தொகுதி இல்லை என்று ஊரில் ஒரு விவாதம் நடந்ததா? ஒரு கட்சி கொண்டுவந்தால் இன்னொரு கட்சி எதிர்க்கும் என்ற அளவிலேயே பேச்சு நின்றுவிட்டது.

இது தமிழ்நாட்டின் நோய் மட்டுமல்ல. ஆந்திராவில் 1985இல் ஒழித்த மேலவையை 2007இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2020 ஜனவரியில் மாநிலத்துக்கு மூன்று தலைநகர் அமைக்கும் மசோதாக்களை அந்த மேலவை தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. அதாவது நிறுத்தி யோசியுங்கள் என்று சொன்னது, அதற்காகத்தானே அந்த அவை? சில நாட்களிலேயே மேலவையை ஒழிக்கும் தீர்மானம் பேரவையில் நிறைவேறியது. 2021 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றார்கள், இடைப்பட்ட காலத்தில் மேலவையில் ஆளுங்கட்சியின் பலம் கூடியிருந்தது. மேற்கு வங்கத்தில் 1969இலும் பஞ்சாபில் 1970இலும் ஒழித்தார்கள், வங்கம் 2021இல் மீண்டும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இன்று ஆறு மாநிலங்களில் மேலவை இருக்கிறது. 1952இல் நாம் பார்த்ததும் அங்கெல்லாம் தொடர்கிறது. பிகாரில் நிதீஷ் குமார் நீண்ட காலம் மேலவை உறுப்பினராகவே முதல்வராக இருந்தார். மகாராஷ்டிரத்தில் உத்தவ் தாக்கரே எந்த அவையிலும் இல்லாமல் முதல்வராகி, 2020 மே மாதம் போட்டியின்றி எம்.எல்.சி. ஆனார்.

அப்படியென்றால் தமிழ்நாட்டுக்கு மேலவை வேண்டுமா? பழைய வடிவிலேயே வேண்டாம். தேர்தலில் தோற்றவர்களுக்கும், சீட் கிடைக்காமல் வருத்தத்தில் இருப்பவர்களுக்கும் 26 இடத்தை எம்.எல்.ஏ.க்கள் கையில் கொடுப்பதற்கு மக்கள் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. பட்டதாரி தொகுதியும் இன்று எனக்கு ஏற்புடையதல்ல. 1950களில் பட்டதாரி என்பவர் ஊருக்கு ஒருவர், இன்று தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கும் மாநிலத்தில் பட்டத்துக்கு ஒரு கூடுதல் ஓட்டு ஏன்? அப்பா இருந்திருந்தால் இதில் என்னோடு சண்டை போட்டிருப்பார், போடட்டும்.

ஆனால் உள்ளாட்சி இடங்கள் வேண்டும். அதற்காக ஒரு மேலவையே வேண்டுமென்றால் அதுவும் வேண்டும். ஒரு நகராட்சியின் வரி வருமானம் எவ்வளவு, ஊராட்சித் தலைவரின் காசோலையில் யார் கையெழுத்துப் போட வேண்டும், குடிநீர்த் திட்டம் எந்தத் துறையின் கையில் என்பதையெல்லாம் கோட்டையில் முடிவு செய்கிறார்கள், அந்த முடிவைச் சுமக்கப்போகிற கவுன்சிலருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் அங்கே பேச ஆளில்லை. எம்.எல்.ஏ. அவர்களுக்காகப் பேசுவார் என்று சொல்லலாம். கிராமத்தில் போய்ப் பாருங்கள், எம்.எல்.ஏ.வுக்கும் ஊராட்சித் தலைவருக்கும் இடையில் ஓடுவது பல இடங்களில் போட்டிதான். நியமன இடங்களும் வேண்டும், குறைவாக வேண்டும், அதில் வருகிறவர் அமைச்சராகவோ முதல்வராகவோ ஆகக் கூடாது என்ற ஒரு தடையோடு வேண்டும். முத்துலட்சுமி ரெட்டியும் இரட்டைமலை சீனிவாசனும் வந்த வழியை அடைக்க எனக்கு மனசு வரவில்லை, 1952இன் வழியைத் திறந்து வைக்கவும் மனசு வரவில்லை.

பேரவையில் அடுத்த தீர்மானம் எந்தக் கட்சி கொண்டுவந்தாலும் அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதற்கு நாடாளுமன்றத்தின் அனுமதி தேவையில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஊரகப் பகுதியில் 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது, அதிலும் ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபர் ஆயிற்று, நகரங்களுக்கு 2022 பிப்ரவரி. 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்தாண்டு முடிந்து, 2025 ஜனவரியில் பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடியும் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. அந்த மாதம் ஒரு மேலவை இருந்திருந்தால், அதன் உள்ளாட்சித் தொகுதிகளுக்கு அங்கிருந்து ஓட்டுப் போட ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.